புறாவுக்கு விழுந்த இரண்டு ஓட்டு

வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், காதை மட்டும் என் பக்கம் வைத்துவிடுங்கள். தொண்ணூற்று நான்கு குடும்பங்களின் வீடு ஒரே ஒரு ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது, தன் கையிலிருந்த ஓட்டைக் கொண்டுபோய் ஒரு புறாவுக்குப் போட்டுவிட்டு வந்த பெண்பிள்ளையின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டால் என்மேல் பழி சொல்லக் கூடாது, ஆமாம்.

லண்டனின் மேற்கே ஆர்டன் சதுக்கம். நான்கு பக்கமும் பாலில் குளிப்பாட்டி நிறுத்தியதுபோல வெள்ளை வீடுகள். நடுவில் ஒரு தோட்டம், தோட்டத்துக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சாவி அந்த வெள்ளை வீட்டுக்காரர்களிடம் மட்டும். பாதி வீடுகளில் வருஷம் முழுக்க விளக்கே எரியாது. வாங்கிப் போட்டவர்கள் வேறு தேசத்தில் வேறு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சதுக்கத்தின் முதுகுப் பக்கம் திரும்பினால் விக்கர்பி ஹவுஸ். ஏழு மாடிச் செங்கல் கட்டடம், எல்லாம் அந்த வட்டாரத்து நகராட்சியான கவுன்சிலின் வாடகை வீடுகள். அங்கே விளக்கு எரியாத ஜன்னலை நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டும். பால்கனிதோறும் துணியும் சைக்கிளும் பூந்தொட்டியும், ஆறாவது மாடியில் ஒருவர் ஊதிப் பழகும் டிரம்பெட்டும். அவர் எட்டு வருஷமாக ஒரே பாட்டைத்தான் பழகுகிறார். பாட்டு இன்னும் பிடிபடவில்லை.

அந்தக் கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிடலாம் என்று கவுன்சிலில் பாதிப்பேருக்கு ஆசை வந்தது. இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரம் எழும்பும். குடியிருப்பவர்களுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் வரும் ஒரு கடலோர ஊரில் இடம். கவுன்சிலில் மொத்தம் நாற்பத்தைந்து நாற்காலி. விற்கலாம் என்றவர்கள் இருபத்திரண்டு, வேண்டாம் என்றவர்கள் இருபத்திரண்டு. மிச்சம் ஒரு நாற்காலியில் இருந்த பெரியவர், போர்ச்சுகலில் வெயில் நன்றாக இருக்கிறது என்று ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நாற்காலிக்கு இடைத்தேர்தல்.

நோரீன் ஸ்கடர் அதில் நிற்க நினைத்ததே இல்லை. நாலாவது மாடிக்காரி, அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு முந்தின கோடையில்தான் ஓய்வு பெற்றவள். குடியிருப்போர் கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது, அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லலாமே என்று கையைத் தூக்கினாள். சரியாக அந்த நொடியில்தான் தலைவர், "நம்ம சார்பா யார் நிக்கிறீங்க?" என்று கேட்டிருந்தார். கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கைதட்டல். இவ்வளவு பேர் சந்தோஷமாகக் கைதட்டும்போது நடுவில் புகுந்து இல்லை என்று சொல்வது மரியாதையாகுமா? நோரீன் சொல்லவில்லை. ஜன்னலும் திறக்கவில்லை.

"ஏ நோரீன், நீ பாட்டுக்கு ஒத்துக்கிட்டியே, அரசியல்ல உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டான் கீழ்வீட்டு கத்பர்ட் லாஷ்லி. பார்படோஸில் பிறந்தவன், நாற்பது வருஷம் லண்டன் பஸ் ஓட்டியவன், எழுபத்து நாலு வயதிலும் தொப்பியை ஒருக்களித்துத்தான் வைப்பான்.

"ஒண்ணும் தெரியாது அண்ணே. ஆனா அந்தக் கடலோர ஊர்ல எனக்கு ஒரு கடல்காக்காகூடப் பழக்கமில்லை. இங்கேன்னா மாடிப்படி ஏறி முடிக்கறதுக்குள்ள பன்னெண்டு பேர் முட்டி வலி எப்படி இருக்குன்னு விசாரிக்கிறாங்க. இந்த வயசுல புதுசா பன்னெண்டு பேரை எங்கே போய்ப் பிடிக்கிறது?"

அவ்வளவுதான் அவள் அரசியல். எதிரே நின்றவன் கிரிஸ்பின் ஹாலம்-வாஸ், சதுக்கத்தின் ஒன்பதாம் எண் வீடு. முப்பத்து நாலு வயது, நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்றால் சாதாரண நல்ல பிள்ளை இல்லை, விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டால் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நல்ல பிள்ளை. அவனுடைய கட்சி அச்சடித்த காகிதத்தில், புதுக் கோபுரத்தில் கட்டுப்படியாகும் வாடகையில் முப்பது வீடு உண்டு என்று இருந்தது. அந்த முப்பது வீட்டுக்காரர்களுக்குப் பின்பக்கமாகத் தனி வாசல், குப்பைத் தொட்டிகளை அடுத்து.

கத்பர்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அதைப் படித்தான். "கட்டுப்படியாகுமாம்! யாருக்கு? பேங்க் முதலாளிக்கா? இந்தச் சதுக்கத்து வாடகையில எண்பது சதவீதம்னு கீழே பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு. யானை விலையில இருபது பவுண்டைக் கழிச்சுட்டா ஆட்டுக்குட்டி விலையா ஆயிடுமா?"

மூன்றாவதாக ஒருவர் நின்றார். அவர் பெயர் புறாப் பிரபு. உண்மைப் பெயர் க்ளைவ், அந்த வட்டாரத்தில் சாவி செய்யும் கடை வைத்திருப்பவர். இடுப்பு வரைக்கும் சாம்பல் நிற இறகு, தலைக்குப் பதில் காகிதக்கூழில் செய்த பெரிய புறாத்தலை. பஸ் நிறுத்தங்களில் மனிதர்களுக்கு முன்னால் புறாக்களுக்கு இடம், இதுவே அவருடைய ஒரே வாக்குறுதி. அந்தத் தேசத்தில் எந்தத் தேர்தலாக இருந்தாலும் இப்படி ஒருவர் வேஷம் கட்டிக்கொண்டு நிற்பார். ஜனங்களும் அவரிடம் மிகவும் கண்ணியமாக, "கொள்கை என்னங்க?" என்று கேட்பார்கள்.

நாலு வாரம் நோரீன் நடந்தாள். வெள்ளை வீட்டுக் கதவுகளின் கடிதத் துவாரங்கள் விரலைக் கடித்தன. உள்ளேயிருந்த குட்டி நாய்கள் காகிதத்தைக் கடித்தன. யாரும் கதவைத் திறக்காத வீட்டிலும் அவள் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். கூடவே வந்த கத்பர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கதவுகிட்ட எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குறே? ஓட்டுக் கேளு! 'எனக்குப் போடுங்க'ன்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லு பாப்போம்."

"எனக்குன்னு எப்படி அண்ணே கேக்கறது? கூச்சமா இருக்கு."

"சரியாப் போச்சு. அந்தப் பக்கம் அவன் கம்பத்துகிட்ட மன்னிப்பு, இந்தப் பக்கம் நீ கதவுகிட்ட மன்னிப்பு. புறாதான் ஜெயிக்கப் போவுது."

வியாழக்கிழமை வாக்குப்பதிவு. தேவாலயத்து மண்டபத்தின் வாசலில் நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கத்பர்ட் தன் முதியோர் பஸ் பாஸை அடையாளச் சீட்டாக நீட்டி, "நாப்பது வருஷம் மத்தவங்க பாஸை நான் பாத்தேன், இன்னிக்கு என் பாஸை நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஓட்டைப் போட்டான்.

அடுத்து நோரீன். மரத்தடுப்புக்குள் போய் நின்றாள். கயிற்றில் கட்டிய பென்சிலை எடுத்தாள். தாளில் மூன்று பெயர். தன் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த ஊரில் ஒரு தட்டில் ஆறு பிஸ்கட்டும் அறையில் ஆறு பேரும் இருந்தால், கடைசிப் பிஸ்கட் மறுநாள் வரைக்கும் தட்டிலேயே கிடக்கும். "நீங்க எடுத்துக்கோங்க", "ஐயோ, நீங்க எடுத்துக்கோங்க" என்று சொல்லிச் சொல்லியே நமுத்துப்போகும். நோரீன் அந்த வழக்கத்திலேயே ஊறியவள், அதிலும் இருபத்தாறு வருஷம் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவள். தன் கையாலேயே தனக்கு எடுத்துப் போட்டுக்கொள்வதா? யாரும் பார்க்காத இடத்திலும் அவளுக்குக் காது சிவந்தது. கிரிஸ்பினுக்குப் போடலாமா? அது வீட்டை இடிப்பவனுக்கு நாமே கடப்பாரை எடுத்துக்கொடுத்த மாதிரி. மிச்சம் இருந்தது புறா. பாவம், அதற்கு யார் போடப் போகிறார்கள்? ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

புறாவுக்கு ஒரு பெருக்கல் குறியைப் போட்டு, மடித்துப் பெட்டியில் தள்ளிவிட்டு, பெட்டிக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நகர மண்டபத்தில் எண்ணிக்கை. நீள மேசைகளில் ஆட்கள் உட்கார்ந்து தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். தேர்தல் அதிகாரி பில்பீம் ஒல்லியான மனிதர். மீசையில் ஒரு மயிர்கூட வரிசை தவறி நிற்காது. முதல் எண்ணிக்கையில் கிரிஸ்பின் ஒன்று கூடுதல். நோரீனின் ஏஜெண்டாக வந்திருந்த கத்பர்ட் மறுபடி எண்ணச் சொன்னான். இரண்டாவதில் நோரீன் ஒன்று கூடுதல். கிரிஸ்பினின் தேர்தல் ஏஜெண்ட் பெனலோப்பி, குதிகால் செருப்பில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி எண்ணச் சொன்னாள். மூன்றாவது எண்ணிக்கை முடிந்ததும் பில்பீம் தொண்டையைச் செருமினார்.

"ஹாலம்-வாஸ் எண்ணூத்திப் பதினொண்ணு. ஸ்கடர் எண்ணூத்திப் பதினொண்ணு. புறாப் பிரபு ரெண்டு. சந்தேகத் தட்டுல ஒரே ஒரு தாள் இருக்கு. அதைப் பத்து நிமிஷத்துல பாப்போம். அதுவும் செல்லாதுன்னா சட்டப்படி சீட்டுக் குலுக்கல்தான்."

சிறகடித்துத் துள்ளிக் குதித்த ஒரே ஆள் புறா. "ரெண்டு! எனக்கு ரெண்டு! என் பேரை முன்மொழிஞ்சவரும் வழிமொழிஞ்சவரும் வாக்குத் தவறலை!" என்று நன்றி சொல்ல அவர்களுக்குப் போன் போட்டார். முன்மொழிந்தவர் பப்பில் உட்கார்ந்து நேரம் போனதே தெரியவில்லை, ஓட்டுப் போடப் போகவேயில்லை என்றார். வழிமொழிந்தவர் தேர்தல் அடுத்த வாரம் என்று நினைத்திருந்தார். புறாவும் வேறு தொகுதிக்காரர், தனக்குத் தானே போட்டிருக்க முடியாது.

"அப்போ யாரு அந்த ரெண்டு புண்ணியவான்?" புறாத்தலை மெதுவாக மண்டபத்தைச் சுற்றித் திரும்பியது.

நோரீன் டீ வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு நடைவழிக்கு ஓடினாள். அங்கே டீப் பாத்திரத்தின் முன்னால், நன்றாகச் சமைத்த நண்டு நிறத்தில் கிரிஸ்பின் நின்றுகொண்டிருந்தான்.

"மன்னிக்கணும் மிசஸ் ஸ்கடர், நீங்க முதல்ல எடுத்துக்கோங்க."

"பரவால்ல தம்பி, நீ எடுத்துக்கோ."

"இல்லை, நீங்க."

இருவர் கையிலும் கோப்பை காலியாகவே இருந்தது. நோரீன் அவன் காதைப் பார்த்தாள். அவன் அவள் காதைப் பார்த்தான். நாலு காதும் ஒரே சிவப்பு.

"தம்பி," என்றாள் குரலைத் தாழ்த்தி, "நேத்து நீ யாருக்குப் போட்டே?"

கிரிஸ்பின் காலிக் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னான். "தனக்குத் தானே போட்டுக்கறது அவ்வளவு நாகரிகம் இல்லைன்னு அம்மா சொல்லுவாங்க. உங்களுக்குப் போட்டா பெனலோப்பி என்னைக் கொன்னுடுவா. அதனால... மன்னிக்கணும்... புறாவுக்கு."

"ஐயோ!" நோரீன் சுவரில் சாய்ந்துவிட்டாள். "நானும்தான்!"

பிறகு கிரிஸ்பினின் மூக்கிலிருந்து விசில்போல ஏதோ கிளம்பியது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அது விரலிடுக்கில் பீறிக்கொண்டு வந்தது. வயதில் ஏறக்குறைய பாதியானவனும் அவளுமாக டீப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தார்கள். கோப்பைகள் கடகடவென்று ஆடின.

சிரிப்பு வடிந்ததும் நோரீனுக்குள் சுருக்கென்றது. அவன் தோற்றால் ஒன்பதாம் எண் வீட்டுக்குத் திரும்பிப் போவான். அங்கே விளக்கு எரியும். அவள் தோற்றால் தொண்ணூற்று நான்கு சமையலறை பெட்டிக்குள் போகும். ஒரு கோடு, ஒரே ஒரு பென்சில் கோடு தன் கட்டத்தில் இழுத்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். கூச்சப்பட்டது யாருடைய செலவில்? அவளுக்கு முதல் தடவையாகத் தன்மேலேயே கோபம் வந்தது.

உள்ளே அழைத்தார்கள். புறா தன் தலையைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "சீட்டுக் குலுக்க என் தலை தயாரா இருக்கு ஐயா" என்றார். பில்பீம் அவரைக் கையமர்த்திவிட்டு அந்த ஒற்றைத் தாளை மேசைமேல் வைத்தார்.

நோரீன் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் பெருக்கல் குறி இல்லை. உருண்டையாக ஒரு குன்று வரைந்திருந்தது. குன்றின்மேல் இரண்டு பொட்டு. பொட்டுகளுக்குக் கீழே வளைந்த ஒரு கோடு.

"இது என்ன படம்?" என்றார் பில்பீம்.

"என்னவா இருந்தா என்ன?" என்று பெனலோப்பி பாய்ந்தாள். "பெருக்கல் குறி போடணும்னு கொட்டை எழுத்துல இருக்கு. இது பெருக்கலா? செல்லாது."

"சட்டம் ஓட்டுப் போட்டவர் மனசைத்தான் பாக்கும் அம்மா, கோட்டைப் பாக்காது. சிரிச்ச முகம்னா ஆதரவுன்னு எடுத்துக்கலாம்," என்றார் பில்பீம்.

"யாரு சொன்னா சிரிக்குதுன்னு? இப்படித் திருப்பிப் பாருங்க. அழுவுது!"

"அப்படித் திருப்பினா பேரு தலைகீழா நிக்குதே தாயி!" என்றான் கத்பர்ட்.

"போட்டவர் எதிர்ப்பக்கமா நின்னு வரைஞ்சிருந்தா?"

"எதிர்ப்பக்கம் சுவரு. சுவத்துக்குள்ள நின்னா வரைஞ்சான்? பேயா வந்து ஓட்டுப் போட்டுச்சு?"

தாள் நேராகத் திரும்பியது, தலைகீழாகத் திரும்பியது, பக்கவாட்டில் திரும்பியது. அதோடு சேர்ந்து பதினேழு தலைகள் திரும்பின. புறா மட்டும் கழற்றிய தலையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பில்பீம் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முடிவு என்னுடையது. ஆனா வேட்பாளர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். மிசஸ் ஸ்கடர்?"

நோரீன் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் பழைய வார்த்தைதான் வந்து நின்றது: 'என் விஷயத்துல நானே பேசறது சரியா இருக்காது.' கத்பர்ட் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். மிதித்திருக்கவே வேண்டாம்.

"ஐயா," என்றாள், "அது குன்று இல்லை. மசிச்ச உருளைக்கிழங்கு. அந்த ரெண்டும் பட்டாணி, அந்தக் கோடு கேரட் துண்டு. இருபத்தாறு வருஷமா ஒவ்வொரு பிள்ளைத் தட்டுலயும் நான் அப்படித்தான் வைப்பேன், சாப்பிட மாட்டேன்னு அழுவுற பிள்ளைக்கு ரெண்டு முகம். என்கிட்ட சாப்பிட்ட பிள்ளைங்க ஆயிரம் பேராவது இருப்பாங்க, இதை வரைஞ்சது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது சிரிக்குது. அது என் தட்டு. அது எனக்கு வந்த ஓட்டு. எனக்கு அது வேணும்."

கடைசி மூன்று வார்த்தையைச் சொன்னபோது குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்கவில்லை.

பில்பீம் கிரிஸ்பின் பக்கம் திரும்பினார். பெனலோப்பி அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் குனிந்து அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

"மன்னிக்கணும் பெனலோப்பி," என்றான். "பிடிக்காத ஒருத்தருக்காக யாரும் பட்டாணியை இவ்வளவு அக்கறையா வரைய மாட்டாங்க. அது அவங்களுக்குத்தான்."

பெனலோப்பியின் செருப்புக் குதிகால் ஒன்று சத்தத்தோடு முறிந்தது. பில்பீமின் மீசையில் முதல் தடவையாக ஒரு மயிர் வரிசை தவறி நின்றது. எண்ணூற்றுப் பன்னிரண்டு. நோரீன் ஸ்கடர் ஜெயித்தாள். கத்பர்ட் தொப்பியை மேலே எறிந்தான், அது புறாவின் காலித் தலைக்குள் போய் விழுந்தது. புறா கட்டிப்பிடித்த பிடியில் நோரீனின் பல்லுக்கிடையில் இறகு மாட்டிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்துக் கவுன்சில் கூடியது. மாடத்தில் விக்கர்பி ஹவுஸ்காரர்கள் இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். கீழே பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். விற்கலாம், வேண்டாம், விற்கலாம், வேண்டாம் என்று போய், இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டில் வந்து நின்று, கடைசியாக அவள் பெயர் வந்தது.

"வேண்டாம்!" என்றாள் நோரீன். மாடத்தில் எழுந்த கூச்சலில் கவுன்சில் தலைவர் சுத்தியலைத் தட்டித் தட்டிப் பிடியே கழன்றுவிட்டது. விற்பனை போயிற்று.

வீடு திரும்பும் வழியில்தான் அவள் கத்பர்ட்டிடம் புறா விஷயத்தைச் சொன்னாள். அவன் இரண்டாவது மாடிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நோரீன் பயந்துவிட்டாள். பிறகு பார்த்தால் அவன் தோள் குலுங்குகிறது.

"இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் பரிமாறினே," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா புறாவுக்கும் பரிமாறிட்டியா? அடுத்த தேர்தல்ல உன்கூட நானே தடுப்புக்குள்ள வரேன், கையைப் பிடிச்சுப் போட வைக்கிறேன்."

"வேண்டாம் அண்ணே. அடுத்த தடவை எனக்கு நானே போட்டுக்குவேன். பென்சில் முனை ஒடியற மாதிரி போட்டுக்குவேன்."

இருவரும் மேலே ஏறினார்கள். போய்விடுவோம் என்று பயந்து பெட்டி கட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்த மத்தியானம் ஒரே நேரத்தில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மாடியிலும் பசைநாடா கிழிகிற சத்தம். எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. மூன்றாவது மாடிக்காரி தேக்கரண்டியைத் தேடி ஐந்தாவது மாடிக்கு ஓடினாள், ஐந்தாவது மாடிக்காரர் கெட்டிலைத் தேடி மூன்றாவது மாடிக்கு இறங்கினார், இருவரும் நாலாவது மாடியில் நோரீன் வீட்டு வாசலில் முட்டிக்கொண்டார்கள். அவள் உள்ளே போனாள். தான் கட்டிவைத்த பதினோரு பெட்டியில் முதலாவதைக் காலால் இழுத்து, ஒரே கிழியாகக் கிழித்தாள்.

என் தங்கங்களா, உங்கள் வீட்டிலும் பெட்டிகள் எப்போதும் பிரித்தபடியே கிடக்கட்டும். உங்கள் கதவில் வெளியேறு என்று எந்தக் காகிதமும் ஒட்டாதிருக்கட்டும். உங்கள் ஜன்னல்களில் விளக்கு எரியட்டும், மாடிப்படியில் முட்டி வலியை விசாரிக்கப் பன்னிரண்டு பேர் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியதை எனக்கு வேண்டும் என்று கேட்கும் வாயும், கேட்டால் ஆமாம் என்று சொல்லும் அண்டைவீட்டாரும் உங்கள் வாசலில் என்றைக்கும் வாழட்டும்.